வஹகோட்டைக் குட்டி

பழனிமுத்துவுக்குக் காது கேட்காது என்ற சங்கதி அந்த லயத்து வரிசை வீடுகளில் கிருஷ்ணம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களைப் பொறுத்தவரை அவர் தலைக்கனம் பிடித்த ஆள், அவ்வளவுதான். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் இவர் கொஞ்சம் பிந்திச் சிரிப்பார். யார் எது சொன்னாலும் "ஆமாங்க, நல்லதுங்க" என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். தலையாட்டுகிறவனைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எதிர்த்துப் பேசுகிறவனைத்தான் உலகம் உற்றுப் பார்க்கிறது.

எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்குள் புகுந்தவர்கள் அறைந்த அறையில் இடது காது அன்றைக்கே போயிற்று. வலது காது அவசரப்படாமல் வருஷத்துக்குக் கொஞ்சமாகப் போய், வாயை ஒட்டவைத்துக் கத்தினால் ஏதோ இரைச்சல் வரும் என்கிற அளவில் நின்றது. புருஷனும் பெண்சாதியும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பாள். அவர் அந்த வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். வேறு யார் வாயும் அவருக்குப் பிடிபடாது. பதில் சொல்லும்போதுதான் தொல்லை. தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறதென்று அவருக்கே தெரியாது. லயத்துச் சுவரோ கூரை வரைக்கும் போகாது. இந்தக் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் 'நூறு வயசு' என்பார்கள். ஆகவே அவர் வாயைத் திறந்ததும் கிருஷ்ணம்மாவின் விரல் தன் உதட்டுக்குப் போய்விடும். அவரும் குரலைத் தணித்துக்கொள்வார்.

இந்த ஒளிவுமறைவெல்லாம் வேலைக்காகத்தான். உக்குவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் பழனிமுத்து கொக்கோ மலைக்குக் காவல்காரர். கொக்கோ பழுக்கிற காலத்தில் குரங்குக் கூட்டமும், பூனை அளவுக்கு இருக்கிற மலை அணிலும், கீழ்க் கிராமத்திலிருந்து சாக்கோடு வருகிறவர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வருவார்கள். இருட்டடித்த கொக்கோ நிழலில் காவல் என்பது காதால் செய்கிற வேலை. பழனிமுத்து அதைக் கண்ணால் செய்துகொண்டிருந்தார். இலை ஆடுவதையும் பறவை எழும்புவதையும் பார்த்து ஓடுவார். காது போன காவல்காரன் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தால் மறுநாளே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். கிருஷ்ணம்மா முழங்கால் தேய்ந்து ஏற்கெனவே பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டவள். அவர் பேரும் போனால் காம்பராவும் போகும்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் போன பையன்கள் ஒரு பக்கம், ஆமிக்காரர்கள் ஒரு பக்கம். கடையைப் பூட்டு என்று ஒரு காகிதம் வரும், திற என்று ஒரு ஜீப் வரும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது: நில். அந்தச் சொல்லைக் கேட்டு நிற்காதவனுக்கு இரண்டாவது சொல் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பால் ஊற்றுகிற ஒருத்தன் பொழுது சாய்கிற நேரம் சைக்கிளில் இறக்கத்தில் வந்திருக்கிறான். எதிர்க்காற்றில் கூப்பிட்டது கேட்கவில்லையோ, பிரேக் பிடிக்கவில்லையோ. சைக்கிளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்காமல் இருப்பதும் ஒரு பிழைப்புத்தான்.

பால்காரன் செத்ததிலிருந்து கிருஷ்ணம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. பழனிமுத்து கொக்கோ மலையிலிருந்து வீடு திரும்ப, ஐப்பசி மழை இருட்டில், தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துதான் லயத்துப் பாதையில் ஏற வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் தினமும் லயத்து முடக்கில் நின்று பார்ப்பாள். அவர் பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி நடப்பார். பார்க்கிறவர்களுக்கு அது கள்ளன் நடை. கள்ளன் மாதிரி நடக்கிறவனைத்தானே முதலில் நிற்கச் சொல்வார்கள்?

நாய் வளர்க்கிற யோசனை அவளுடையதுதான். கையில் கயிறு கட்டி ஒரு நாயைக் கூட்டிப் போனால், சத்தம் வரும்போது அது நிற்கும், காதைத் தூக்கும், கயிறு இழுபடும், இவரும் நிற்பார். லயத்து நாய்கள் உதவாது. அவை காக்கிச் சட்டையைக் கண்டால் பாயும். பாய்ந்தால் நாயோடு போகாது. சின்ன நாயாக வேண்டும். கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். சின்ன நாய் பிடித்துப் போகிறவனைப் பார்த்தால் பங்களாக்காரர்களுடைய ஆள் என்று விட்டுவிடுவார்கள். அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கொக்கோ மலையில் அணில் விரட்டுவதற்கு என்று மட்டும் வாயசைத்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "நல்லதுதான்" என்றார்.

முதலில் சந்தைக்கு வந்த ஒருவனிடம் கூடையில் இருந்த குட்டி ஒன்றை வாங்கினாள். மூன்றாம் நாள் அது ரத்தமாகக் கழிந்து செத்துப்போயிற்று. அவசரத்தில் நாய் வாங்கப் போய்க் குழி வெட்டியதுதான் மிச்சம்.

உக்குவளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற அப்துல் ஸமத்திடம் இந்தத் துக்கத்தைச் சொன்னாள். நாயைத் தொட்டால் ஏழு தரம் கழுவுகிற மனிதரிடம் நாய்க்கு வழி கேட்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஸமத் சிரித்தார்.

"வஹகோட்டைல ரொசலின் எண்டு ஒரு நோனா ஈக்கிறா, தங்கச்சி. அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட. சின்னச் சாதி நாய் வளத்துக் குடுக்கிற. கொழும்பால எல்லாம் வந்து கொண்டு போறாங்க. நான் கலேவெலைக்கி வெங்காயம் எடுக்கப் போற நேரம் ஒங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போறன். ஆனா திரும்பி வாற நேரம் அது சாக்குக்குப் பின்னுக்குத்தான், சரியா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். கிருஷ்ணம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழை இலையில் கட்டிக்கொண்டாள். நோனாவுக்கென்று வீட்டு மிளகு ஒரு பை. மாத்தளை தாண்டி, நாவுல தாண்டி வேன் இறங்க இறங்க மலை போய் வெயில் வந்தது. வழியில் ஒரு தடையில் ஆமிக்காரப் பையன் ஒருவன் பழனிமுத்துவின் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து ஏதோ கேட்டான். அவர் வழக்கமான 'நல்லதுங்க'வையே சிங்களத்தில், "ஹொந்தய், மாத்தயா" என்று சொல்லித் தலையாட்டினார். அவன் முகம் மாறியது. மறுபடி கேட்டான். மறுபடியும் "ஹொந்தய்". ஸமத் குறுக்கே விழுந்து, சிங்களத்தில் மளமளவென்று என்னவோ சொல்லி, சிரித்து, ஒரு சுருட்டும் கொடுத்து வேனை நகர்த்தினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவன் அடையாள அட்டய கேட்டான், பழனி," என்று முன்னால் பார்த்தபடியே சொன்னார். பழனிமுத்து ஜன்னலுக்கு வெளியே நெல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸமத் பின்கண்ணாடியில் கிருஷ்ணம்மாவை ஒரு தரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ரொசலின் நோனா கவுன் போட்ட, பருத்த, வாய் ஓயாத பொம்பளை. முற்றத்தில் கம்பி வலைக் கூட்டுக்குள் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளைக் குட்டிகள். கிருஷ்ணம்மாவுக்குச் சிங்களம் வராது. கொழுந்து மலையும் லயமுமாகவே காலம் போனவள். சிங்களம் பேசுகிற கிராமம் அவளுக்குக் கீழே தெரிகிற விளக்கு வெளிச்சம், அவ்வளவுதான். பழனிமுத்துவுக்கு நல்ல சிங்களம். காவல்காரனுக்குத் திட்டவும் கெஞ்சவும் அது வேண்டியிருந்தது. ஆகவே பேச்சுக்கு அவர், பார்வைக்கு அவள் என்று பிரித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த முற்றத்தில் நடந்த கூத்து இதுதான்: காது உள்ளவளுக்கு மொழி இல்லை, மொழி உள்ளவருக்குக் காது இல்லை. இரண்டு பேரும் நிமிர்ந்து நின்று நாய் வாங்கினார்கள்.

பார்வையில் அவள் குறை வைக்கவில்லை. ஆடு பார்த்து வாங்கிப் பழகியவள். உதட்டைத் தூக்கிப் பல் முரசு சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள். கண்ணில் பீளை, மூக்கில் ஈரம், வயிற்றில் புழு ஊதல், வால் அடியில் கழிச்சல் கறை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் நல்ல குட்டிகள். எதை எடுப்பது என்று நிற்கும்போது, ரோட்டில் ஸமத் நேரமாகிறதென்று வேன் ஹாரனை அடித்தார். குட்டிகள் வீல் வீல் என்று கத்திக்கொண்டு மூலைக்கொன்றாகச் சிதறி ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை. பழனிமுத்துவின் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி கிடந்தது.

கிருஷ்ணம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. பயப்படாத குட்டி. ஆமிக்காரன் அதட்டினாலும் மிரண்டு ஓடாது. இதுதான் என்று விரல் நீட்டினாள்.

நோனா கொஞ்சம் தயங்கினாள். அந்தக் குட்டியை எடுத்து, அதன் காதைத் தொட்டுக் காட்டி, "மேயாட்ட கன் அஹென்னே நே" என்றாள். கையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு பழனிமுத்துவின் முகத்தைப் பார்த்து, "கமக் நெத்த?" என்று கேட்டாள். காதில் உண்ணி இல்லை என்று சொல்கிறாள் என்று கிருஷ்ணம்மா நினைத்தாள். அவளும் அப்படிப்பட்ட நோய்நொடியைத்தானே தேடிக்கொண்டிருந்தாள். பழனிமுத்து, "ஹொந்தய், நோனா, ஹொந்தய்" என்று தாராளமாகத் தலையாட்டினார். நோனா இன்னொரு தரம், இன்னும் மெதுவாகக் கேட்டாள். இன்னொரு ஹொந்தய். நோனாவின் கண் கலங்கிவிட்டது. நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டாள். மிளகுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, பழனிமுத்துவின் தோளைத் தட்டிக் கொடுத்து, கோயில் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்தோனியாரு கொஞ்சம் நம்ம பக்கமும் பாத்திருக்காரு," என்று வேனில் ஏறியதும் கிருஷ்ணம்மா வாயசைத்தாள். வழி நெடுக அவள் அந்தப் புண்ணியவதியைப் பற்றியே ஸமத்திடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சுது என்று நோனா வைத்த பேரையே வைத்துக்கொண்டார்கள். பழைய சேலைக் கரையைக் கிழித்து, கழுத்தில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைப் பழனிமுத்துவின் மணிக்கட்டில் முடிந்தாள். முதல் நாள் மாலையே வித்தியாசம் தெரிந்தது. முடக்கில் நின்று பார்த்தாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் முன்னால், அவர் பின்னால், தலை நிமிர்ந்து ராஜா மாதிரி ரோட்டில் வந்தார். அன்றைக்கு ராத்திரி கிருஷ்ணம்மா படுத்தது தெரியும், விடிந்தது தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது.

அந்தத் தூக்கம் அந்த வாரம் முழுக்க ஓடிற்று.

தோட்டத்தில் தேயிலை ஸ்டோர்ச் சங்கு ஊதினால் லயத்து நாய்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து ஊளையிடும். அது எந்தக் காலத்துப் பழக்கமோ, சங்கு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு நிற்கும். கிருஷ்ணம்மா வாசலில் உட்கார்ந்து பலாக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பரா புஷ்பவதி பேன் பார்க்க வந்து உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. மேல் லயம் கீழ் லயம் எல்லாம் ஒரே ஊளை. சுது வெயிலில் மல்லாந்து படுத்துத் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏக்கா, ஒங்க நாயி சீமச் சாதில்ல, ஊளையெல்லாம் போடாதாட்டுக்கு," என்றாள் புஷ்பவதி. பிறகு அவளே சிரித்து, "செவிடன் காதுல ஊதுன சங்குன்னு சொல்லுவாங்களே, அதாட்டம் கெடக்கு பாருங்க," என்றாள்.

கிருஷ்ணம்மாவின் கத்தி பலாக்காயில் நின்றது. புஷ்பவதி போன பிறகு நாய்க்குப் பின்னால் போய்த் தகரக் கோப்பையைச் சிமெந்தில் போட்டாள். குடத்தைத் தட்டினாள். கை தட்டினாள். சுது காலை நக்கி முடித்து மற்றக் காலுக்குப் போனது. தற்செயலாகத் திரும்பி அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

மறுநாள் முழங்கால் வலியோடு உக்குவளைக்கு இறங்கினாள். ஸமத் கடையில் கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மொழி இல்லாவிட்டாலும் காது நல்ல காது. ஒரு தரம் கேட்ட சத்தம் அப்படியே தங்கிவிடும். நோனா சொன்னதை, நோனாவின் இழுவையோடு ஒப்பித்தாள்.

"மேயாட்ட கன் அஹென்னே நே. கமக் நெத்த. அப்படின்னா என்னாங்க, நானா?"

ஸமத் தராசைக் கீழே வைத்தார். "இத எங்க கேட்டீங்க?"

"அந்த நோனா சொன்னாங்க. நாயத் தூக்கி வச்சிக்கிட்டு."

"இதுக்கு காது கேக்காது, பரவாயில்லையா எண்டு கேட்டீக்கிறா." குரலைத் தணித்து, "அதுக்கு பழனி என்ன செல்லின?" என்றார்.

அவள் முகத்தைப் பார்த்தே ஸமத் விளங்கிக்கொண்டார். வேறு ஒரு நாயைப் பார்ப்போமென்றார், ரோட்டு வழி சரியாகட்டும் என்றார். அவர் கொடுத்த சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறினாள். வழியெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டாள். முரசு பார்த்தாயே, மூக்குப் பார்த்தாயே, வாலைத் தூக்கிப் பார்த்தாயே, ஒரு சொடக்குப் போட்டுப் பார்த்தாயா? பார்க்கத் தோன்றவில்லை. வீட்டில் காது என்ற ஒன்றையே நினைக்காமல் இருந்து பழகிய பழக்கம், அங்கேயும் நினைக்கவிடவில்லை.

இப்போது முன்னைவிட மோசம். முன்பாவது அந்த மனிதர் திரும்பிப் பார்த்து நடந்தார். இப்போது ஒரு செவிட்டு நாயை நம்பி நிமிர்ந்து நடக்கிறார். சொல்லியே ஆக வேண்டும். சொல்வதென்றால் நாயின் காதைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் வாய்க்குள் வைத்திருந்ததையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். அடுத்த ஒரு வாரம் முழுவதும் அவள் சோற்றைப் போட்டுவிட்டு வாயைத் திறப்பாள். உப்புப் போதுமா என்று கேட்டு மூடிக்கொள்வாள். தூக்கம் மறுபடி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டும் சாக்கில் அவரைப் பீலிக்குக் கூட்டிப் போனாள். மழைத் தண்ணீர் பீலியில் கொட்டுகிற இரைச்சலில் அவர் எவ்வளவு கத்திப் பேசினாலும் லயத்துக்குக் கேட்காது. அதற்காகத்தான் அந்த இடம். சுதுவை நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்த்து வாயசைத்தாள்.

"இதுக்குக் காது கேக்காதுங்க."

அவர் நாயின் மேல் தண்ணீரை மொண்டு ஊற்றினார். "தெரியும்," என்றார்.

"எப்பருந்து?"

"வந்த மறுநாளே. ஒரு அணிலு மரத்துல நின்னு கத்துது. வாயத் தொறந்து தொறந்து மூடுறது எனக்குத் தெரியிது. இது அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது, திரும்பல. எனக்குத் தெரியாதா புள்ள, திரும்பாம நிக்கிறது எப்படி இருக்கும்னு?"

அவள் கை நின்றுபோயிற்று. "அப்பறம் ஏன் சொல்லல? ராஜா மாரி நிமிந்து நடந்து வந்தீங்களே."

"நீ மொடக்குல நின்னு பாக்குறே. நீ பாக்குற தூரம் மட்டுக்கும் நிமிந்து வருவேன். வளைவுக்கு அந்தப் பக்கமெல்லாம் பழைய மாரி பாத்துப் பாத்துத்தான் வருவேன்." இன்னும் ஒரு வாளி ஊற்றினார். "பால்காரன் செத்ததுலருந்து நீ தூங்கல. இது வந்தப்பறந்தான் தூங்குனே. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். அணில் வெரட்டத்தான் நாயின்னு நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும் புள்ள."

கிருஷ்ணம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி இவளும், பயமில்லாத மாதிரி அவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். சுது உடம்பைச் சிலிர்த்து இரண்டு பேரையும் நனைத்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் அவள் ஒரு முடிவு செய்துகொண்டாள். அதை அவரிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

அன்றிலிருந்து, விறகு பொறுக்கப் போகிறேன் என்று லயத்தில் சொல்லிவிட்டு, மாலையில் கொக்கோ மலை அடிக்குப் போவாள். சேலைக் கரையில் இன்னொரு துண்டைக் கிழித்து நாயின் நெஞ்சுக் கட்டில் முடிந்து, அதன் மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். முன்னால் அவர், நடுவில் நாய், பின்னால் விறகோடு அவள். ஏதாவது சத்தம் வந்தால் அவள் இழுப்பாள். நாய் இழுபடும், நாயோடு அவர் கையும் இழுபடும். முழங்கால் கெஞ்சும், ராத்திரி எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்வாள். மறுநாள் மறுபடி போவாள். மனிதருக்கு நாய் காவல் என்பார்கள். இந்த நாய்க்கும் சேர்த்து அவளே காவலாகிவிட்டாள்.

ஒரு மாலை, மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்து மூங்கில் புதருக்குள்ளிருந்து, "ஹிட்டபன்!" என்று ஒரு குரல் வந்தது; அதே 'நில்'தான். கிருஷ்ணம்மா இழுத்தாள். நாய் இழுபட்டது. பழனிமுத்து நடுரோட்டில் நின்றார். விறகு அவள் தலையிலிருந்து சரிந்து விழுந்தது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. நாலைந்து துவக்குகள். யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள்.

தூக்கின கைகளோடு கயிறும் மேலே போயிற்று. நடுவில் நின்ற சுதுவின் முன்னங்கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அதுவும் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைந்து நின்றது.

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். ஆனாலும் முன்னால் நின்றவன் சிரிக்கவில்லை. பழனிமுத்துவைப் பார்த்து அதட்டலாக எதையோ கேட்டான். அவர் தலை ஆடத் தொடங்கியது. அந்த 'ஹொந்தய்' அவர் வாயில் உருவாவதைக் கிருஷ்ணம்மா பார்த்தாள். வேனில் அந்தப் பையனின் முகம் மாறியது ஞாபகம் வந்தது. அவள் நாயைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, டார்ச் வெளிச்சம் தன் வாயில் விழும்படி அவர் எதிரே நின்றாள். கை தூக்கியபடியே, அவன் சொன்ன சத்தத்தை அப்படியே, ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாமல், வாயால் போட்டாள்.

"கொஹெத யன்னே?"

பழனிமுத்து அவள் வாயைப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தமிழே வந்த வாயில் சிங்களம் வருகிறது. ஒரு கணம் திகைத்தார். பிறகு, எங்கே போகிறாய் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "கெதர, மாத்தயா," என்றார். கையைத் தூக்கியபடியே லயத்து விளக்கைத் தாடையால் காட்டினார்.

அவன் அடுத்ததைக் கேட்டான். அவள் அதையும் வாங்கி வாயில் போட்டாள். அவர் பதில் சொன்னார். தோட்டம், வேலை, பெயர் என்று கேள்விகள் அவள் வாய் வழியாக அவருக்குப் போய், பதில்கள் நேரே அவனுக்குப் போயின. துவக்குகள் கொஞ்சம் தாழ்ந்தன. வயதில் மூத்த ஒருவன் முன்னால் வந்து நாய்க்குச் சீட்டி அடித்தான். சுது திரும்பவில்லை. சொடக்குப் போட்டான். திரும்பவில்லை. அவன் ஏதோ கேட்டான்; அவள் கடத்தினாள்.

"கன் அஹென்னே நே, மாத்தயா," என்றார் பழனிமுத்து.

இந்தச் சொல் கிருஷ்ணம்மாவுக்குத் தெரியும். அதோடு அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். அவர் தூக்கியிருந்த கை ஒன்றை மெதுவாக இறக்கி, தன் வலது காதைத் தொட்டார். "மட்டத்," என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கை போன இடத்தைப் பார்த்ததும், எனக்கும்தான் என்கிறார் என்று அவளுக்கு விளங்கிற்று. பன்னிரண்டு வருஷமாகத் தன்னிடம்கூடச் சொல்லாததை அந்த மனிதர் நடுரோட்டில் துவக்குக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

மூத்தவன் கடைசியாக ஒன்று கேட்டான். அதட்டல் இல்லாத குரல். அவள் அதையும் கொடுத்தாள். பழனிமுத்து வாயால் பதில் சொல்லாமல், கயிறு கட்டிய கையை மட்டும் உயர்த்தினார். அவன் டார்ச்சைக் கயிற்றின் மேல் ஓடவிட்டான். பிறகு டார்ச்சை அணைத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். சிரித்தவன் வந்து சிதறிக் கிடந்த விறகைப் பொறுக்கிக் கட்டி அவள் தலையில் ஏற்றிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து, நனைந்த நாயைத் துடைத்து அடுப்படியில் விட்டாள். விளக்கைத் தன் முகத்துப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு வாயசைத்தாள்.

"கடைசியா அந்தாளு என்னா கேட்டான்?"

"நாய்க்கும் கேக்காது, ஒனக்கும் கேக்காது, அப்ப ஒங்க ரெண்டு பேருக்கும் யாருய்யா காதுன்னு கேட்டான்."

"அதுக்குத்தான் கயித்தக் காட்டுனீங்களா?"

"கயித்தையா காட்டுனேன்? கயித்தோட அந்தப் பக்கம் நின்ன ஆளக் காட்டுனேன்," என்றார் பழனிமுத்து. அவருக்கு இருக்கிற அந்தப் பெரிய குரலில், கூரை அதிரத்தான் எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துக் காம்பராவில் புஷ்பவதியின் அம்மிச் சத்தம் நின்றது. அதற்கடுத்த காம்பராவில் பேச்சு நின்றது. நாளைக்குக் கணக்கப்பிள்ளை வரைக்கும் போய்விடும்.

கிருஷ்ணம்மாவின் விரல் உதட்டுக்குப் போகவில்லை. அவள் ரொட்டிக்கு மாவை எடுத்துப் பிசையத் தொடங்கினாள்.